வாகையும் இரண்டாமிடமும்: மிக்கேல் பல்லாக்கின் ஆட்டவாழ்வு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுவோர் ஒவ்வொருவரும் இலக்கியத்திற்குப் புறத்தே நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என அமைப்பாளர்கள் பணித்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் ஓர் ஓவியரையும் ஓர் இசைவாணரையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஜெர்மானியக் கால்பந்தாட்டக்காரர் மிக்கேல் பல்லாக். தமிழ் கற்பிப்பவளுக்குக் கால்பந்தோடு என்ன உறவு என்னும் வினா சில முகங்களில் தெரிகிறது. புறத்திணை கற்பிப்பவளுக்கு வெற்றியோடும் தோல்வியோடும் உறவுண்டு. இவ்வுரைக்கு அவ்வளவு போதும்.

கால்பந்தில் ஓரணிக்குப் பதினொருவர். கோல் காப்பவர், தடுப்பவர், தாக்குபவர் ஆகியோரின் பணி முதன்முறை பார்ப்பவருக்கும் விளங்கும். நடுக்களத்தில் நிற்பவரின் பணி அத்துணை எளிதில் விளங்குவதன்று. பின்னிருந்து வரும் பந்தை வாங்குவார், முன்னிருப்பவருக்கு வழங்குவார், எதிரணியின் ஓட்டத்தை இடையிலேயே முறிப்பார். மறுநாள் நாளிதழில் கோல் அடித்தவர் பெயர் வரும். இவர் பெயர் பெரும்பாலும் வராது. பல்லாக் இவ்வகையில் ஒரு விலக்கு. நல்ல உயரம், இரு கால்களாலும் ஒருபோலவே உதைக்கும் பயிற்சி, நடுக்களத்திலிருந்து காலம் பார்த்து எதிரணியின் கோல் முகப்பிற்குள் நுழைந்து தலையால் முட்டும் ஆற்றல் ஆகிய மூன்றும் அவரிடம் ஒருங்கே இருந்தன. நாட்டுக்காக ஆடிய 98 ஆட்டங்களில் 42 கோல்கள் அடித்தார். நடுக்கள வீரருக்கு இஃது அரிய எண்.

1976ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, போலந்து எல்லையில் நைசெ ஆற்றங்கரையில் உள்ள கோர்லிட்ஸ் நகரில் அவர் பிறந்தார். அப்போது அது கிழக்கு ஜெர்மனி. வளர்ந்தது கார்ல் மார்க்ஸின் பெயர் சூட்டப்பட்டிருந்த கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்னும் தொழில் நகரில். பெர்லின் சுவர் திறந்தபோது அவருக்கு வயது 13. அடுத்த ஆண்டே அந்நகர் கெம்னிட்ஸ் என்னும் பழம்பெயருக்குத் திரும்பிற்று. சில மாதங்களில் நாடும் இல்லாமற்போயிற்று. இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஊர்ப்பெயரும் நாட்டுப்பெயரும் மாறக் கண்ட தலைமுறை அது. அவருக்கு அடிப்படைப் பயிற்சி அளித்த விளையாட்டுப் பள்ளி முறையும் அந்நாட்டோடே மறைந்தது. இதனை நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன். பின்னர் இவ்விடத்திற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1995இல் கெம்னிட்ஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அடுத்த ஆண்டே அவ்வணி மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 1997இல் கைசர்ஸ்லவுட்டர்ன் அணி அவரை அழைத்துக்கொண்டது. ஓட்டோ ரேஹாகலின் பயிற்சியில் இருந்த அவ்வணி, அவ்வாண்டுதான் இரண்டாம் நிலையிலிருந்து புண்டஸ்லிகா எனப்படும் முதல்நிலைப் போட்டிக்கு ஏறி வந்திருந்தது. வந்த ஆண்டிலேயே, 1998இல், பட்டம் வென்றது. ஏறி வந்த உடனே பட்டம் வென்ற அணி அந்தப் போட்டியின் வரலாற்றில் அது ஒன்றே. ஆக, இவருடைய கதை பெருவெற்றியில் தொடங்குகிறது. இவரைத் தோல்வியின் திருவுருவமாக எழுதியவர்கள் இதனை எளிதில் மறந்துவிட்டார்கள்.

1999இல் லெவர்கூசன் சென்றார். அது பாயர் மருந்து நிறுவனத்தின் ஊர். தொழிலாளர்கள் 1904இல் தொடங்கிய அணி. புண்டஸ்லிகா பட்டத்தை அதுவரை கண்டதில்லை. 2000ஆம் ஆண்டு மே 20. பருவத்தின் கடைசி நாள். பயர்ன் மியூனிக்கைவிட லெவர்கூசன் மூன்று புள்ளிகள் முன்னே நிற்கிறது. மியூனிக்கை அடுத்த சிற்றூரான உண்டர்ஹாகிங்கின் அணியோடு ஆட்டம். சமன் செய்தாலே பட்டம். ஆட்டம் தொடங்கிச் சுமார் இருபது நிமிடங்களில், குறுக்கே வந்த பந்தைத் தடுக்க முயன்ற பல்லாக் அதனைத் தம் வலைக்குள்ளேயே செலுத்திவிட்டார். நம் திடல்களில் சேம் சைடு கோல் என்பார்களே, அது. லெவர்கூசன் 0–2 எனத் தோற்றது. மியூனிக்கில் பயர்ன் வென்றது. இரண்டணிக்கும் 73 புள்ளிகள்; கோல் வேறுபாட்டால் பட்டம் பயர்னுக்கு.

அதனினும் கொடிய பருவம் 2002. கிளவுஸ் டாப்மொல்லரின் பயிற்சியில் லெவர்கூசன் ஆடிய ஆட்டத்தைக் கண்டவர்கள் இன்றும் விரும்பி நினைவுகூர்வர். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போட்டியில் காலிறுதியில் லிவர்பூலையும், அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டையும் அது கடந்தது. புண்டஸ்லிகாவில் பல்லாக் மட்டும் 17 கோல்கள் அடித்தார். மூன்று ஆட்டங்கள் எஞ்சியிருக்க, லெவர்கூசன் ஐந்து புள்ளிகள் முன்னே நின்றது. பிறகு சொந்தத் திடலில் பிரேமனிடம் 1–2, நூரம்பர்க்கில் 0–1. மே 4 அன்று கடைசி ஆட்டத்தை வென்றும் ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் டார்ட்மண்டுக்குச் சென்றது. மே 11 அன்று பெர்லினில் ஜெர்மன் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஷால்கேவிடம் 2–4. மே 15 அன்று கிளாஸ்கோவில் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 1–2. உயரத்திலிருந்து இறங்கிய பந்தை நிலம் தொடுமுன் ஜிடேன் இடக்காலால் உதைத்து வலைக்குள் அனுப்பிய கோல் அந்த ஆட்டத்தில் வந்ததே. இரண்டு வாரத்திற்குள் மூன்று கோப்பைகள் கைநழுவின. ஊர்ப்பெயரின் முற்பகுதியை நீக்கிவிட்டு, ‘துணை’, ‘இரண்டாம்’ என்னும் பொருளுடைய ஜெர்மன் முன்னொட்டைச் சேர்த்து அவ்வணிக்கு ஒரு கேலிப்பெயர் வழங்கினார்கள். தமிழில் சொல்வதானால் ‘இரண்டாமிடத்தூர்’.

அந்த வடு ஆறுமுன் உலகக் கோப்பை வந்தது. அவ்வாண்டு ஜெர்மன் அணி பெருமையோடு புறப்பட்ட அணியன்று. 2001 செப்டம்பரில் மியூனிக்கில், தன் மக்கள் முன்னிலையில், இங்கிலாந்திடம் 1–5 எனத் தோற்றிருந்தது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே உக்ரைனோடு இரண்டு கூடுதல் ஆட்டங்கள் ஆட நேர்ந்தது. அவ்விரண்டிலுமாக மூன்று கோல்கள் அடித்து அணியைக் கரையேற்றியவர் பல்லாக். உலகக் கோப்பையின் காலிறுதியில் அமெரிக்காவை வென்ற ஒரே கோலும் அவர் தலையிலிருந்து வந்தது.

2002 ஜூன் 25, சியோல். அரையிறுதியில் எதிரே நிற்பது போட்டியை நடத்தும் தென்கொரியா. திடல் முழுதும் செந்நிற ஆடை. கோல் இல்லை. 71ஆம் நிமிடத்தில் கொரிய வீரர் லீ சுன்-சூ பந்தோடு ஜெர்மன் கோல் முகப்பை நோக்கி விரைகிறார். பல்லாக் அவரை வீழ்த்தித் தடுக்கிறார். நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்துகிறார். முந்தைய ஆட்டம் ஒன்றில் பெற்ற அட்டை ஒன்று அவர் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. இரண்டு சேர்ந்தால் அடுத்த ஆட்டம் இல்லை என்பது அன்றைய விதி. அடுத்த ஆட்டம் உலகக் கோப்பையின் இறுதியாட்டம்.

நான்கு நிமிடங்கள் கழிகின்றன. வலப்புறத்திலிருந்து நாய்வில் அனுப்பிய பந்து உள்ளே வருகிறது. பல்லாக் வலக்காலால் உதைக்கிறார். கோல் காப்பவர் தடுத்துத் தள்ளுகிறார். திரும்பி வந்த பந்தை இடக்காலால் உதைக்கிறார். கோல். ஜெர்மனி 1–0 என வென்றது. தாம் ஆட முடியாத இறுதியாட்டத்திற்குத் தம் நாட்டைத் தாமே அனுப்பிவைத்தார்.

இதனை எழுதிய செய்தியாளர் பலரும் அந்த 71ஆம் நிமிடத்தையே தியாகம் என்று போற்றினார்கள். பயிற்சியாளர் ரூடி ஃபொலரும் அவ்வாறே போற்றினார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. விதிமீறல் விதிமீறலே; அதற்குரிய தண்டனை கிடைத்தது; அஃது ஆட்டக்கணக்கு. ஓடிவந்தவரைத் தடுத்த நொடியில் அவர் என்ன எண்ணினார் என்பதும் நமக்குத் தெரிய வழியில்லை. என்னை நிறுத்திய இடம் 75ஆம் நிமிடம். அட்டை வந்துவிட்டது. இறுதியாட்டம் போய்விட்டது, அது முற்றும் தெரிந்த ஒன்று. அந்நிலையில் மனம் தளர்ந்து நின்றிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் எதிரணியின் கோல் முகப்பிற்கு ஓடினார். முதல் உதை தடுக்கப்பட்டபின் இரண்டாம் முறையும் உதைத்தார். தமக்குப் பங்கில்லாத ஒன்றற்காக ஒருவர் தம் தொழிலை முழுமையாகச் செய்த நான்கு நிமிடங்கள் அவை.

ஐந்து நாள் கழித்து யோகஹாமாவில் பிரேசிலிடம் ஜெர்மனி 0–2 எனத் தோற்றது. இரண்டு கோல்களும் ரொனால்டோ அடித்தவை. லெவர்கூசன் தோழர்கள் ஷ்னைடரும் ராமெலோவும் நாய்விலும் களத்தில் இருந்தார்கள். பல்லாக் வெளியே அமர்ந்திருந்தார். 2010ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து, தனித்து நிற்கும் மஞ்சள் அட்டைகள் காலிறுதியோடு கணக்கிலிருந்து நீக்கப்படும் என விதி திருத்தப்பட்டது. அவ்விதி எட்டாண்டுகள் முன்னரே வந்திருப்பின் அவர் யோகஹாமாவில் ஆடியிருப்பார்.

வகுப்பில் வாகைத்திணை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஓரிடத்தில் தடைப்படுவர். வாகை என்றால் வெற்றி, வெற்றி என்றால் பகைவரை வெல்லுதல் என்றே அவர்கள் கற்றிருப்பார்கள். தொல்காப்பியர் அவ்வாறு குறுக்கவில்லை. குற்றமற்ற கோட்பாட்டோடு அவரவர்க்குரிய கூறுபாட்டை மேம்படச் செய்தலை அவர் வாகை என்கிறார். அரசனுக்கு மட்டுமன்றி அறிவனுக்கும் தவம் செய்வோர்க்கும் அங்கே வாகை உண்டு. எதிரே தோற்றுக் கிடப்பவன் ஒருவன் வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. பதக்கப் பட்டியலைத் தவிர வேறு அளவுகோல் அறியாத விளையாட்டுச் செய்திமொழிக்கு இந்தக் கருத்துப் பெரிதும் உதவும் என்பது என் எண்ணம். சியோலின் நான்கு நிமிடங்களை ‘தியாகம்’ என்றோ ‘விதி’ என்றோ எழுத வேண்டியதில்லை. வாகை என்று எழுதலாம்.

வெண்ணிப் போரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கரிகாலன் வென்றான், புறப்புண் நாணிச் சேரன் வடக்கிருந்தான். வென்றவன் முன்னிலையில் நின்று, நின்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். உயிர்விட்ட மன்னனையும் ஊதியம் பெற்று ஆடிய ஒருவரையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று, அது பிழை. நான் சுட்டுவது பாடியவரின் கண்ணை. வென்றவனை மறுக்காமலே தோற்றவனின் மதிப்பைத் தனியே எடைபோட்டார் அவர். குயவர் குடிப் பெண் ஒருவருக்கு அது கைவந்தது. இத்தனை ஒளிப்படக் கருவிகளோடு திடலைச் சூழ்ந்திருந்த இதழாளர்களுக்குக் கைவரவில்லை.

இனி, முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன செய்திக்கு வருகிறேன். எழுபதுகளின் புகழ்பெற்ற நடுக்கள வீரர் குண்டர் நெட்சர், பல்லாக் ஒரு தலைவராக இயலாது என்று குறை கூறினார். அதற்கு அவர் கண்ட காரணம், கூட்டுணர்வையே பெரிதெனப் போற்றிய கிழக்கு ஜெர்மனியில் பல்லாக் வளர்ந்தார் என்பது. நாடு ஒன்றான பிறகும் இந்தப் பிளவு மொழியில் நீடித்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. நெட்சரின் ஆட்டத்தில் எனக்கு மதிப்புண்டு. ஆனால் அக்கூற்று எனக்கு வியப்பளிக்கிறது. சியோலில் அவர் காட்டியது அந்தக் கூட்டுணர்வு என்றே வைத்துக்கொள்வோம். அது குறையாவது எவ்வாறு? 2004 முதல் ஜெர்மன் அணியின் தலைவராக இருந்தவரும் அவரே.

மியூனிக்கில் நான்காண்டுகள் (2002–2006) நலமாகவே கழிந்தன. 2003, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளிலும் புண்டஸ்லிகாவும் ஜெர்மன் கோப்பையும் ஒருசேரக் கிடைத்தன. 2002, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மனியின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006 உலகக் கோப்பை சொந்த நாட்டில் நடந்தது. அரையிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் இத்தாலியிடம் இரண்டு கோல்கள் வாங்கி ஜெர்மனி வெளியேறியது. பின்னர் லண்டன் செல்சி அணிக்குச் சென்றார்.

2008 மீண்டும் ஒரு 2002 ஆயிற்று. இங்கிலாந்துப் பிரிமியர் லீகில் செல்சி இரண்டாமிடம். மே 21 அன்று மாஸ்கோவில் ஐரோப்பிய இறுதியாட்டம் 1–1 என முடிந்து பெனால்டி உதைகளுக்குச் சென்றது. செல்சியின் முதல் உதையைப் பல்லாக் எடுத்து முறையாக வலைக்குள் செலுத்தினார். பின்னர் வெற்றிக்குரிய உதையை எடுக்க வந்த அணித்தலைவர் டெர்ரி மழையில் வழுக்கினார். அனெல்காவின் உதை தடுக்கப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட் வென்றது. ஜூன் 29 அன்று வியன்னாவில் ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் இறுதியாட்டம். கெண்டைக்கால் வலியோடு களமிறங்கிய பல்லாக், புருவத்தருகே கிழிந்து குருதி வழிய ஆடினார். ஸ்பெயின் 1–0 என வென்றது.

கவிஞர் பெருமக்களே, இந்த இடத்தில்தான் எனக்கு உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. இத்தனை இரண்டாமிடங்களை வரிசையாக அடுக்கினால் ஓர் அவலக் காப்பியம் தானே எழுந்துவிடுகிறது. வழிகிற குருதி, மழை, கைக்கெட்டாத கோப்பை. உவமை தேட வேண்டியதே இல்லை. அதனாலேயே அதனை ஐயுற வேண்டும். நான்கு புண்டஸ்லிகா பட்டங்கள், மூன்று ஜெர்மன் கோப்பைகள், 2010இல் ஒரு பிரிமியர் லீக் பட்டம், செல்சியோடு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை மூன்று முறை. இவ்வளவும் கொண்டவரை ஊழால் வஞ்சிக்கப்பட்டவர் என்று பாடினால் அது செய்யுளுக்கு இனிது, மெய்க்கு இனிதன்று. பரிசு பெறாத கவிஞர் இறந்தபின் நாம் எழுதும் இரங்கலுரைகளிலும் இந்த இனிப்பு உண்டு. அவர் எழுதியது எத்தகையது என்று ஒரு வரியும் கூறாமல், கிடைக்காதது எது என்று நான்கு பக்கம் எழுதுகிறோம். இந்த வட்டத்தின் பத்தாண்டுகளில் அத்தகைய இரங்கலுரைகள் சிலவற்றை நானும் கேட்டிருக்கிறேன். அவற்றுள் எதுவும் மறைந்தவரின் ஒரு கவிதையையேனும் எனக்கு விளக்கியதில்லை.

பல்லாக்கை முழுமையான பெருந்தகையாக வரைந்துவிடவும் இயலாது. 2009 மே 6 அன்று லண்டனில் பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதி. ஆட்டம் முடியும் தறுவாயில் இனியெஸ்தாவின் கோல் செல்சியை வெளியேற்றும் நிலை. பல்லாக் உதைத்த பந்து எதிரணி வீரர் ஒருவரின் கையில் பட்டதாக முறையிட்டும் நடுவர் பெனால்டி தரவில்லை. நடுவரின் முகத்தருகே கத்தியபடி திடலின் குறுக்கே அவர் ஓடிய காட்சியை உலகமே கண்டது. அஃது அழகிய காட்சியன்று. சியோலில் நின்றவரும் இவரே, லண்டனில் கத்தியவரும் இவரே.

2010 மே 15 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போர்ட்ஸ்மத் அணியின் கெவின்-பிரின்ஸ் போவாட்டெங் மோதியதில் கணுக்கால் தசைநார் கிழிந்தது. கோப்பை செல்சிக்குக் கிடைத்தது. உலகக் கோப்பை பல்லாக்குக்கு இல்லையென்றாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இளைஞர்கள் ஆடிய ஜெர்மனி மூன்றாமிடம் பெற்றது. தலைமையை ஏற்றிருந்த பிலிப் லாம், அதனைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புவதாக வெளிப்படையாகக் கூறினார். அதன்பின் பல்லாக் நாட்டுக்காக ஆடவே இல்லை. 2010 மார்ச் 3 அன்று மியூனிக்கில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆடியதே கடைசி ஆட்டம். 1996இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஜெர்மனி அடுத்த பெருங்கோப்பையைத் தொட்டது 2014இல். 1999இல் தொடங்கி 2010இல் முடிந்த அவருடைய பன்னாட்டு வாழ்வு முழுவதும் அந்தப் பதினெட்டாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. அணி மெலிந்திருந்த காலத்தில் அதனை இரண்டு இறுதியாட்டங்கள் வரை கொண்டு சென்றவர்களுள் அவர் முதல்வர். அணி வளம்பெற்றபோது அவர் அங்கு இல்லை.

2011 ஜூனில், இனி அவர் அழைக்கப்படமாட்டார் எனப் பயிற்சியாளர் லோவ் அறிவித்தார். ஆகஸ்டில் பிரேசிலோடு நடக்கவிருந்த நட்பாட்டத்தை அவருக்கு விடைகொடுக்கும் ஆட்டமாக்கலாம் என ஜெர்மன் கால்பந்துச் சங்கம் முன்வந்தது. எப்போதோ திட்டமிடப்பட்ட ஓர் ஆட்டத்தைத் தமக்கான வழியனுப்பாகக் காட்டுவது கேலிக்கூத்து என்று கூறி மறுத்துவிட்டார். ஏற்றிருந்தால் கணக்கு 99 ஆகியிருக்கும். வளர்ந்த பிள்ளை பிணங்குவது போன்றது இது என்று எழுதியவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பொய்யான சிறப்பைப் பெறுவதினும் 98 என்னும் மொட்டையான எண்ணோடு நிற்பது மேல் என்று அவர் முடிவு செய்தார். புள்ளிவிவரம் கேட்போர்க்கு அந்த எண் சற்று உறுத்தும், உறுத்தட்டும்.

கடைசி ஈராண்டுகள் மீண்டும் லெவர்கூசனில். 2011இல் அவ்வணி பெற்றது இரண்டாமிடம்! 2012 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். 2013 ஜூனில் விடைபெறும் ஆட்டத்தைத் தாமே நடத்தினார். அதற்குத் தேர்ந்தெடுத்த ஊர் மியூனிக்கும் அன்று, லெவர்கூசனும் அன்று. பழைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்.

லெவர்கூசன் தன் முதல் புண்டஸ்லிகா பட்டத்தை 2024 ஏப்ரல் 14 அன்று உறுதிசெய்தது. அந்தப் பருவத்தின் 34 ஆட்டங்களில் ஒன்றிலும் அது தோற்கவில்லை. பட்டம் உறுதியான ஆட்டத்தில் சொந்தத் திடலில் 5–0 என வீழ்த்தப்பட்ட அணி, 2002இல் அதே திடலில் 2–1 என வென்று சென்ற பிரேமன்.